லூகாஸும் களிம்பும்

எம்ஜிபி என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் முன் கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினால், கருப்பு ரப்பர் உறை போட்ட விரற்கணு அளவுக் குழாய்கள் கொத்தாகத் தட்டுப்படும். ஹெட்லைட், பார்க்கிங் லைட், இண்டிகேட்டர் வயர்கள் அந்தக் குழாய்களுக்குள்தான் சந்திக்கின்றன. ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு பித்தளைக் குமிழ், விட்டம் 4.7 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. தோட்டா போல முனை உருண்டிருப்பதால் புல்லட் கனெக்டர் என்று பெயர். இரு பக்கமிருந்தும் இரண்டு புல்லட்டுகளை உள்ளே தள்ளினால், ஸ்லீவ் எனப்படும் அந்தக் குழாய்க்குள் இருக்கும் உலோகக் குழல் அவற்றைக் கவ்விக்கொள்ளும். திருகு கிடையாது, பூட்டு கிடையாது. மழைநாளில் அணைந்துபோகும் ஹெட்லைட்டுக்கும், ஒரு பக்கம் மட்டும் மங்கலாக எரியும் விளக்குக்கும், பிரேக் மிதித்தால் மினுக்கும் இண்டிகேட்டருக்கும் பெரும்பாலும் இந்தச் சந்திப்புகளே காரணம். இவற்றைச் செய்த பர்மிங்காம் நகரத்து ஜோசப் லூகாஸ் நிறுவனத்துக்குப் பழைய கார்ப் பிரியர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருளின் இளவரசன்'. அந்தப் பெயர் முழுதும் நியாயமானது என்று நான் எண்ணவில்லை. லூகாஸ் இணைப்புகளின் வரலாற்றைப் பார்த்தால், குறை வடிவமைப்பில் இருந்ததைவிட, அந்த இணைப்பைத் தேய்ந்து தீரும் ஓர் உறுப்பாக யாரும் கணக்கில் சேர்க்காததில்தான் அதிகம் இருந்திருக்கிறது. டயர் தேயும், பிரேக் ஷூ தேயும், பிளக் மாற்ற வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்கள், வயரின் நுனியும் தேயும் என்பதை ஏற்கவில்லை.

இருளின் பட்டம் பெற்ற நிறுவனம் பிறந்தது வெளிச்சம் விற்று. 1834-ல் பிறந்த ஜோசப் லூகாஸ், பர்மிங்காமின் ஹாக்லி பகுதியில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர். பிறகு விளக்கு செய்தார். சைக்கிள் விளக்கு ஒன்றுக்கு 'சாலையின் அரசன்' என்று பெயர் வைத்தார். 1897-ல் அவரது தொழில் பங்கு நிறுவனமானது. கார்கள் வந்தபோது எண்ணெய் விளக்கிலிருந்து அசிட்டிலின் விளக்குக்கும், அங்கிருந்து மின்விளக்குக்கும் நிறுவனம் மாறியது. மோரிஸ் கார்களுக்கு மின்சாதனம் கொடுக்கத் தொடங்கிய பின் அதன் வளர்ச்சிக்குத் தடையே இல்லை. 1926-ல் ரோடாக்ஸ், சிஏவி ஆகிய போட்டி நிறுவனங்களையும் வாங்கிவிட்டது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் என்று எதை எடுத்தாலும் லூகாஸ் முத்திரைதான். மலிவான மோரிஸ் மைனரிலும் லூகாஸ், விலையுயர்ந்த ஜாகுவாரிலும் லூகாஸ். இந்த ஆதிக்கத்தையே பிரிட்டிஷ் அரசின் ஏகபோக ஆணையம் விசாரணைக்கு எடுத்து 1963-ல் அறிக்கை வெளியிட்டது. ஒரே நிறுவனம் எல்லாக் கார்களுக்கும் மின்சாதனம் கொடுத்தால், எல்லாக் கார்களின் மின் பழுதும் அந்த ஒரே பெயரில்தான் வரவு வைக்கப்படும். பட்டப்பெயரின் பின்னால் இருக்கும் முதல் உண்மை இந்த எளிய கணக்கு.

இணைப்பான் ஏன் வந்தது என்பதும் முக்கியம். கார்களுக்கு மின்விளக்கு வந்த தொடக்க காலத்தில் வயர்கள் பித்தளைத் திருகில் சுற்றி இறுக்கப்பட்டன. பொறுமையாக ஒரு ஆள் நின்று ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். பிரிக்கவும் அதே பொறுமை வேண்டும். ஆலையில் வரிசையாக நகரும் கார்களுக்கு இது ஒத்துவரவில்லை. வயர்களை முன்கூட்டியே அளந்து வெட்டி, பருத்தி நூலால் பின்னி, ஒரு முழு வயரிங் செட்டாகக் கொண்டுவந்து, பாடியில் படுக்கவைத்து, நுனிகளைச் சடசடவென்று செருகிவிட்டுப் போக வேண்டும். புல்லட் அதற்காகப் பிறந்தது. வயர் நுனியை உரித்து, உள்ளீடற்ற பித்தளைக் குமிழுக்குள் நுழைத்து, முனையில் உள்ள துளையில் ஒரு சொட்டு ஈயம் வைத்துவிட்டால் நுனி தயார். செருகுவதற்கென்றே தனி இடுக்கி இருந்தது. ஏனெனில் சரியாகச் செய்த புல்லட் விரலால் தள்ளினால் எளிதில் உட்காராது. அந்த இறுக்கமே அதன் உயிர். இதையடுத்து வந்தது லூக்கார் என்று லூகாஸ் பெயரிட்ட பட்டை வடிவ இணைப்பான், கால் அங்குல அகலம், அதாவது 6.3 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 1941-ல் விட்டேக்கர் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் ஈயமே இல்லாமல் உலோகத்தை நசுக்கிப் பிடிக்கவைக்கும் முறையை விமானங்களுக்காக வளர்த்தெடுத்தது. போருக்குப் பின் அந்த முறை கார்களிலும் பரவியது. இந்தப் போக்குகள் பொதுவாகப் பிரிக்கக் கடினமான பந்தத்தை விட்டு எளிதில் பிரிக்கக்கூடிய பந்தத்துக்கு மாறியவை. பிரித்துச் சேர்க்கும் வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்த வேண்டியவர் காரை வாங்கியவரும் அதைப் பழுதுபார்ப்பவரும். ஆனால் அதை அவர்களிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

இணைப்புக்குள் நடப்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த விலை புரியும். இரண்டு உலோகங்கள் முழுப் பரப்பிலும் ஒட்டியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் அவை தொடுவது மிக நுண்ணிய சில புள்ளிகளில் மட்டுமே. மின்தொடுப்புகளைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்ட சுவீடன் இயற்பியலர் ரக்னார் ஹோம் விளக்கியது இதைத்தான். மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். ஸ்லீவின் பிடி தளர்ந்தாலோ, நடுவில் படலம் படிந்தாலோ புள்ளிகள் குறைகின்றன, தடை ஏறுகிறது. 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். அதன் பாதையில் இருக்கும் ஓர் இணைப்பில் கால் ஓம் தடை வந்தால் 1 வோல்ட்டுக்குச் சற்றே அதிகமாக அங்கேயே இழந்துபோகும். பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் இறங்குவதில்லை. அதைவிட வேகமாக இறங்கும். பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். இழந்த மின்னாற்றல் மறைந்து போவதில்லை. சுமார் 5 வாட் வெப்பமாக அந்தச் சின்னக் குழாய்க்குள் சேர்கிறது. அந்தச் சூட்டில் ஸ்லீவின் ஸ்பிரிங் தன்மை இன்னும் தளர்கிறது, ரப்பர் இறுகி வெடிக்கிறது, வெடிப்பு வழியே ஈரம் வருகிறது, ஈரத்தால் தடை இன்னும் கூடுகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் இந்தச் சுழல் தானாக நிற்காது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். முன் சக்கரம் வாரியடிக்கும் அந்த உப்புநீர் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கொத்தை நனைத்தபடியே இருக்கும்.

பித்தளையில் களிம்பு ஏறுவது நமக்குப் புதிய செய்தியா? செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்பதை உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்கு உவமையாகச் சைவ சித்தாந்திகள் எடுத்தாண்டார்கள். சித்தாந்தம் படிக்காத வீடுகளிலும் இந்த அறிவு இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு நின்றால் கெட்டுப்போகும் என்று தெரிந்து, உள்பக்கம் ஈயம் பூசிவைத்தார்கள். ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் ஓடவிட்டுத் தேய்ப்பார். சில காலம் கழித்து அந்தப் பூச்சு தேயும். மறுபடி அவர் வருவார். பூச்சு தேய்ந்ததற்காகப் பாத்திரம் செய்த கன்னாரைத் திட்டிய வீடு இருந்திருக்காது. தேய்வது பொருளின் இயல்பு, திரும்பப் பூசுவது அதை வைத்திருப்பவரின் கடமை என்ற உடன்பாடு அங்கே இருந்தது. காரின் மின் இணைப்பிலும் நடப்பது இதே பொருள்களின் கதைதான்: செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், காற்று, ஈரம், உப்பு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் இருந்தார். இணைப்புக்கு அப்படி ஒருவரை யாரும் நியமிக்கவில்லை. காரோடு வந்த கையேடுகள் எந்த மூட்டுக்கு எத்தனை மைலில் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லின. மின்சாரப் பக்கத்தில் அவை தந்த அறிவுரை பொதுவாக பேட்டரி முனையைத் துடைப்பது, டைனமோவின் கார்பன் பிரஷ்ஷைப் பார்ப்பது என்ற அளவில் நின்றுவிட்டது. கிரில்லுக்குப் பின்னால் தொங்கிய கொத்து யாருடைய பட்டியலிலும் ஏறவில்லை.

பழுதைத் தேடிய விதமும் இந்த மறதியை வளர்த்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கையில் என்றும் இருக்கும் கருவி டெஸ்ட் லாம்ப்: ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி. மின்சாரம் வருகிறதா இல்லையா என்று அது உடனே சொல்லும். எவ்வளவு சிரமப்பட்டு வருகிறது என்று சொல்லாது. 5 வாட் பல்பு இழுப்பது 0.4 ஆம்பியர்தான். அரை ஓம் தடையுள்ள கெட்ட இணைப்பைத் தாண்டி வந்தாலும் அது இழப்பது 0.2 வோல்ட், ஆகவே பளிச்சென்றே எரியும். அதே இணைப்பின் வழியே ஹெட்லைட் இழுக்கும்போது 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சோதிக்கும் விளக்கு நன்றாக எரிகிறது, ஹெட்லைட் மங்குகிறது என்றால் எந்த மெக்கானிக்கும் பல்பைச் சந்தேகிப்பார், அடுத்து சுவிட்சை, அடுத்து டைனமோவை. இணைப்பு நிரபராதியாக நின்றுவிடும். லூகாஸ் டைனமோவும் அதன் கட்டவுட் சுவிட்சும் காரணமில்லாமல் கழற்றப்பட்ட சமயங்கள் பல இருந்திருக்க வேண்டும் என்று இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். உண்மையைக் காட்டும் சோதனை வேறு. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் இணைப்பின் இரு பக்கமும் வைத்து, அங்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் என்றால் திறந்தே ஆக வேண்டும். ஓம் அளவில் மீட்டரை வைத்து இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் மின்சாரம் பெருமளவு ஓடும்போதுதான் இந்தக் குற்றவாளி முகத்தைக் காட்டுவான்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உப்புநீர் தெறிக்கும் இடத்தில் நீர் புகக்கூடிய இணைப்பைத் தொங்கவிட்டவர் யார்? வடிவமைத்தவர்தானே? காசு மிச்சம் பிடித்ததற்குப் பராமரிப்பைக் குறை சொல்லலாமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மோரிஸ் மைனரில் வேலை செய்த ஃபியூஸ்கள் இரண்டே இரண்டு. ஹெட்லைட் சுற்றுக்கு ஃபியூஸே இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ஹெட்லைட்டுகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருந்தது. பிரிட்டிஷ் காரில் வயர் பாடியில் உரசிவிட்டால் வயரிங் செட்டே ஃபியூஸாக எரிய வேண்டியதுதான். இதை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. கார் ஆலைகள் பென்னி கணக்குப் பார்த்ததும், அதற்கு லூகாஸ் இசைந்ததும் உண்மை. ஆனால் ரப்பர் வளையம் வைத்து நீர் புகாமல் அடைத்த இணைப்பான்கள் சாதாரணக் கார்களில் பரவலானது 1980-களை ஒட்டித்தான். எஞ்சினைக் கணினி ஆளத் தொடங்கி, மிகச் சிறிய மின்குறிகளை நம்ப வேண்டிய கட்டாயம் வந்த பிறகே அந்தச் செலவுக்கு ஆலைகள் மனம் வைத்தன. 1950-களின் காரை 1980-களின் அளவுகோலால் அளப்பது முறையல்ல. திறமைக் குறைவு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினுக்கு எரிகலன் செய்வதில் பங்கெடுத்த நிறுவனத்துக்கு ஒரு பித்தளைக் குமிழ் செய்யத் தெரியாமல் போகாது.

அரிப்பைப் பற்றி அன்றைய பொறியாளர்கள் சிந்திக்கவே இல்லை என்பதும் தவறு. 1930-களிலிருந்து 1960-களின் பிற்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு எர்த் செய்யப்பட்டது. இன்று இது விசித்திரமாகத் தெரியும். பழைய காரில் புது ரேடியோ பொருத்தி எரித்தவர்கள் பலர். நேர்முனையை எர்த் செய்ததற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று அரிப்பு. ஈரம் பட்ட இடத்தில் நேர்முனை உலோகம்தான் கரையும்; எதிர்முனை உலோகம் தப்பும். ஆகவே கனமான இரும்புப் பாடி நேர்முனையாக இருந்து கொஞ்சம் கரைந்தாலும் பரவாயில்லை, மெல்லிய செம்பு வயரும் அதன் நுனியும் பிழைக்கட்டும் என்ற கணக்கு. தொலைபேசித் துறை இதே காரணத்துக்காக நேர்முனையைப் பூமியோடு இணைத்து 48 வோல்ட்டில் தன் கம்பிகளை இயக்கியது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வந்தபோது உலகத்தோடு ஒத்துப்போக பிரிட்டிஷ் கார்களும் எதிர்முனை எர்த்துக்கு மாறின. எம்ஜிபி 1967-ஐ ஒட்டி மாறியது. இணைப்பு அழியக்கூடியது என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தது பணிமனைக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த இடைவெளி இந்தியாவில் இன்னும் அகலமானது. 1953-ல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு, இங்கே முழுமையாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் போக வேண்டியதாயிற்று; ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. மிஞ்சிய கார்களில் இரண்டு நேரடியாக பிரிட்டிஷ் வம்சம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இங்கிலாந்தின் கௌலி ஆலையில் 1956 முதல் 1959 வரை மூன்றே ஆண்டு உற்பத்தியில் இருந்தது. அதன் வழித்தோன்றலான அம்பாசிடர் கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அதே 1960-களின் தொடக்கத்தில் டிவிஎஸ் குழுமமும் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் ஆலை அமைத்தன. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் இங்கேயே தயாராயின. இறக்குமதிக்கு உரிமம் தேவைப்பட்ட, காருக்கு ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்த நாட்டில், யாரும் பத்தாண்டில் காரைத் தூக்கிப்போடவில்லை. பிரிட்டனில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடி உடைப்புக்குப் போகும் என்று கருதப்பட்ட காரின் இணைப்பு, இங்கே முப்பது நாற்பது ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது. சாலையில் உப்புத் தூவாவிட்டாலும் சென்னைக்குக் கடற்காற்று இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் முட்டளவுத் தண்ணீரில் வண்டி போகத்தான் வேண்டும்.

அந்தப் பற்றாக்குறைக்குள் வளர்ந்ததுதான் நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழில். எந்த ஊர் நெடுஞ்சாலையிலும் 'டைனமோ, செல்ஃப் ரிப்பேர் செய்யப்படும்' என்று பலகை தொங்கும். எரிந்துபோன ஆர்மேச்சரைத் தூக்கிப் போடாமல் பழைய செம்புக் கம்பியைப் பிரித்துப் புதுக் கம்பியால் காயில் கட்டி ஓடவைத்த கைகள் அவை. அந்தத் திறமைக்கு முன் தலை வணங்குகிறேன். ஆனால் இணைப்பு விஷயத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது, அதை மறைப்பதில் பயனில்லை. கெட்ட புல்லட்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் உரித்து, முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவது. வண்டி அன்றைக்கு ஓடும். வாடிக்கையாளர் அவசரத்தில் நிற்கும்போது, ஸ்லீவ் கிடைக்காதபோது, வேறு வழியும் இருந்திருக்காது. முறுக்கிய செம்பிழைகளுக்கு இடையே கவ்வும் விசை எதுவும் கிடையாது. டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகி விலகும். ஈரம் உள்ளே தங்கிக் களிம்பு வேகமாகப் படியும். அடுத்த முறை இன்னும் ஓர் அங்குலம் வெட்ட வேண்டும். வயர் குறுகிக்கொண்டே போகும். ஒட்டுப்போட எந்த நிறம் கையில் இருந்ததோ அது சேரும். பிரிட்டிஷ் வயரிங்கில் நிறம் ஒரு மொழி: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸைத் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த். கண்ட நிறத்தில் ஒட்டுப்போட்ட வயரிங்கில் அந்த மொழி அழிந்துவிடுகிறது. பிறகு வரும் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வயரையும் முதலிலிருந்து தேட வேண்டும். அம்பாசிடரின் வயரிங் சிக்கல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படிப் பழுதுபார்ப்பின் மேல் பழுதுபார்ப்பாகப் படிந்தது.

சரியான பழுதுபார்ப்பு கடினமானதும் இல்லை. ஸ்லீவிலிருந்து புல்லட்டை உருவும்போது பச்சைத் தூள் உதிர்ந்தால், ஸ்லீவைத் தேய்த்துச் சுத்தம் செய்வதில் நேரம் செலவிட வேண்டாம். பிடி தளர்ந்த உலோகம் சுத்தமானாலும் பிடிக்காது, அதை மாற்ற வேண்டும். புல்லட்டை வெட்டிவிட்டு வயரை அரை அங்குலம் உரித்தால், இழைகள் செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். கருத்திருந்தால் ஈரம் இன்ஷுலேஷனுக்குள் ஏறிவிட்டது என்று பொருள். கருத்த செம்பில் ஈயம் பற்றாது, மின்னும் இடம் வரும்வரை வெட்டி, அதே நிற வயரால் நீட்டிக்க வேண்டும். புது புல்லட்டை மாட்டி முனையில் மட்டும் ஈயம் வைத்தால் போதும். பாத்திரக்காரரின் நவச்சாரம் இங்கே ஆகாது; அமிலத் தன்மையுள்ள எந்த உதவிப் பொருளும் வயருக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும், ரோசின் கலந்த ஈயமே சரி. செருகும் முன் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். பேட்டரி முனைக்கு வாஸ்லின் தடவும் பழக்கம் நல்லதுதான். ஆனால் இயற்கை ரப்பர் ஸ்லீவை அது நாளடைவில் ஊதவைத்துக் கெடுக்கும்.

புல்லட்டே எதற்கு, நீர் புகாத நவீன இணைப்பான்களை வரிசையாகப் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தர வேண்டும். சரியான கருவியால், சரியான அளவில் நசுக்கிய இணைப்பு ஈயம் வைத்ததற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. அதிர்வு அதிகமுள்ள இடத்தில் அதைவிட மேலானது, ஏனெனில் ஈயம் ஊறிய இழை விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் ஒடியக்கூடும். தினமும் ஓட்டும் காருக்கு அப்படி மாற்றுவதை நான் எதிர்க்கமாட்டேன். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் சேர்ப்பதை வரவேற்கவே செய்வேன், அது அசலில் இருந்த உண்மையான குறையைத் தீர்க்கிறது. ஆனால் சந்தையில் சிவப்பு, நீல பிளாஸ்டிக்கில் கிடைக்கும் மலிவு டெர்மினல்களைச் சாதாரண இடுக்கியால் நசுக்கிப் போடுவது நவீனமாக்கல் ஆகாது. அது முறுக்கி டேப் சுற்றியதன் மறுபிறவி. அசலான புல்லட்டுக்கு ஒரு நன்மை உண்டு. அறுபது ஆண்டு கழித்தும் அதை எந்த ஊரிலும், ஒரு சோல்டரிங் அயனும் ஓர் இடுக்கியும் வைத்திருக்கும் எவரும் பிரித்துச் சேர்க்கலாம். அச்சு வார்த்த பிளாஸ்டிக் இணைப்பானின் பூட்டுநாக்கு உடைந்து, அந்த மாடல் சந்தையிலிருந்து போயிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பழைய காரைப் பழைய முறையிலேயே வைக்கச் சொல்வது வெறும் பற்றால் மட்டும் இல்லை. அடுத்துப் பழுதுபார்க்கப் போகிறவரின் கைக்கு வேலை எளிதாக இருக்க வேண்டும் என்ற அக்கறையும் அதில் இருக்கிறது.

லூகாஸ் நிறுவனம் 1996-ல் அமெரிக்காவின் வாரிட்டியோடு இணைந்தது; 1999-ல் டிஆர்டபிள்யூ அதை வாங்கியது. பர்மிங்காமில் கிரேட் கிங் தெருவில் நின்ற பெரிய ஆலை இன்று இல்லை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இருக்கிறது. 4.7 மில்லிமீட்டர் புல்லட்டும் அதன் ரப்பர் ஸ்லீவும் இன்றும் அதே அளவில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அம்பாசிடரோ ஹெரால்டோ மோரிஸோ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை விளக்கு மங்கினால் டைனமோவைக் கழற்றச் சொல்லாதீர்கள். கிரில்லுக்குப் பின்னால் உள்ள ஸ்லீவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். களிம்பு இருந்தால் புல்லட்டையும் ஸ்லீவையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய தேதியைப் பிளக் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.